பேட்டரியை எதுவரை இறக்கலாம்?

கேள்வி இதுதான். வீட்டில் 12 வோல்ட் இன்வெர்ட்டர், 150 ஏ.ஹெச். (ஆம்பியர் மணி, அதாவது கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி, வாங்கி நாலு வருஷம் ஆகிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கத்தி அணைகிற வரைக்கும் ஓட்டுகிறார்கள். மச்சான் பாதிக்குக் கீழே இறக்கவே கூடாது என்கிறார். பேட்டரி கடைக்காரர் எண்பது சதவீதம் வரை தாராளமாகப் போகலாம் என்கிறார். இதற்கு நடுவே அப்பா, போனாக இருந்தாலும் முழுசாகக் காலி செய்துவிட்டுத்தான் சார்ஜில் போட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பேக்கப் குறைந்துவிட்டதே, பழையதோடு புதிதாக இன்னொரு பேட்டரியைச் சேர்த்துவிடலாமா?

மச்சான் சொல்வதும் தப்பில்லை, கடைக்காரர் சொல்வதும் தப்பில்லை. அப்பா சொல்வது வேறொரு வகை பேட்டரிக்கு, ஒரு காலத்தில் பொருந்தியது. ஆனால் மூன்று பேருமே எவ்வளவு ஆழம் இறக்கலாம் என்பதை மட்டும்தான் பேசுகிறார்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைப் பொறுத்தவரை, எவ்வளவு இறங்கியது என்பதைவிட இறங்கிய பிறகு எத்தனை நாள் அப்படியே கிடந்தது என்பதுதான் அதன் ஆயுளை அதிகம் தின்கிறது. போனுக்கும் மின்சார ஸ்கூட்டருக்கும் இது கிட்டத்தட்ட தலைகீழ். அங்கே நிறைந்த நிலையில், சூட்டில் கிடப்பதுதான் ஆகாது. ஒன்றுக்குச் சொன்ன விதியை இன்னொன்றில் போட்டுப் பார்ப்பதால்தான் இத்தனை குழப்பம்.

இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து தொடங்குவோம். வெளியே ஒரே பெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆறு செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு பக்கம் ஈயம், மறுபக்கம் ஈய டை ஆக்சைடு, நடுவே நீர் கலந்த கந்தக அமிலம். 1859இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கியதும் இதே வேதியியல்தான். கரண்ட் எடுக்க எடுக்க இரண்டு பக்கத் தட்டுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துக்கொண்டே போகிறது. சார்ஜ் ஏறும்போது சல்பேட் கரைந்து எல்லாம் பழையபடி திரும்புகிறது.

புதிதாகப் படிந்த சல்பேட் மிகப் பொடியான படிகமாக இருக்கும். அன்றைக்கே சார்ஜ் வந்தால் சுலபமாகக் கரைந்துவிடும். அதே நிலையில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் விட்டால் பொடிப் படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகிக் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் சாதாரண சார்ஜுக்கு அது அசையாது. தட்டின் அந்தப் பகுதியிலிருந்து இனி கரண்ட் வராது. ‘சல்பேட் ஆயிடுச்சு’ என்று மெக்கானிக் கையை விரிப்பது இந்த நிலையைப் பார்த்துத்தான். அதனால், எண்பது சதவீதம் இறங்கி அன்று ராத்திரியே முழுக்க ஏறிவிட்ட பேட்டரி பிழைத்துக்கொள்ளும். நாற்பது சதவீதம் மட்டுமே இறங்கி, பூட்டிய வீட்டில் மெயினை அணைத்துவிட்டுப் போனதால் இரண்டு மாதம் அப்படியே கிடந்த பேட்டரி பிழைப்பது சந்தேகம்தான்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா மாவட்டங்களில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி சமயத்தில் முதல் நாளே எல்லார் வீட்டுப் பேட்டரியும் காலியாகிவிடும், அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் காலியான பிறகு செய்யக்கூடியது உண்டு. இன்வெர்ட்டரை முழுவதுமாக அணைத்துவிட்டு, முடிந்தால் டெர்மினலில் இருந்து வயரைக் கழற்றிவிட வேண்டும். சும்மா இருக்கும்போதும் இன்வெர்ட்டர் கொஞ்சம் கரண்டை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். ஜெனரேட்டர் வைத்திருக்கும் பேட்டரி கடை பக்கத்தில் இருந்தால் கொண்டுபோய் ஒருமுறை சார்ஜ் ஏற்றிக்கொள்வது, அந்தக் கூலியைப்போல் பல மடங்கு மிச்சப்படுத்தும்.

சரி, ஐம்பதா எண்பதா? சந்தையில் கிடைக்கும் நல்ல டியூபுலர் பேட்டரிகள் சிலவற்றின் விவரத்தாளில் இப்படிப் போட்டிருக்கும்: 80 சதவீத ஆழத்துக்கு இறக்கினால் 1500 தடவை, 50 சதவீதத்துக்கு 3000, 20 சதவீதத்துக்கு 5000. பார்த்ததும் குறைவாக இறக்குவதே லாபம் என்றுதான் தோன்றும். கொஞ்சம் பெருக்கிப் பாருங்கள். 1500 தடவை 80 சதவீதம் என்றால் மொத்தம் 1200 முழு பேட்டரி அளவுக்குக் கரண்ட் எடுத்திருக்கிறீர்கள். 3000 தடவை பாதி என்றால் 1500. 5000 தடவை 20 சதவீதம் என்றால் 1000தான். அதாவது வாழ்நாள் முழுக்க அந்தப் பேட்டரி தரப்போகிற மொத்த மின்சாரம் எப்படி இறக்கினாலும் ஏறக்குறைய ஒரே வட்டத்துக்குள்தான் இருக்கிறது. மச்சானின் ஐம்பதுக்குக் கொஞ்சம் லாபம் உண்டு, கடைக்காரரின் எண்பதால் குடி மூழ்கிவிடாது.

இன்னொன்றும் பாருங்கள். தினமும் ஒருதரம் 20 சதவீதம் இறக்கினால் 5000 தடவை என்பது பதின்மூன்று வருஷத்துக்கு மேல். எந்த வீட்டு டியூபுலர் பேட்டரியும் நம் ஊர் வெயிலில் அவ்வளவு நாள் தாங்காது. மின்வெட்டு அதிகம் இல்லாத ஊரில் பேட்டரி சாவது இறக்கியதால் அல்ல. தண்ணி வற்றி, தட்டின் கம்பி அரித்து, சூட்டில் வயதாகித்தான் அது போகிறது. மாதம் இரண்டு தடவை கரண்ட் போகிற வீட்டில் உட்கார்ந்து சதவீதக் கணக்குப் போடுவது வீண் கவலை.

2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் மின்வெட்டு இருந்ததே, அப்போது நிலைமை வேறு. அன்றைக்கும் ஆழத்தைவிடப் பெரிய பிரச்சினை, பேட்டரி முழுக்க ஏற நேரமே கிடைக்காததுதான். இன்வெர்ட்டர் 12 முதல் 15 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 ஏ.ஹெச். இறங்கிய பேட்டரி திரும்ப நிறைய எட்டு, பத்து மணி நேரம் வேண்டும். முதல் பங்கு வேகமாக ஏறும், கடைசி 20 சதவீதம் மட்டும் ஆமை மாதிரி நகரும். அதற்குள் அடுத்த மின்வெட்டு வந்துவிடும். இப்படியே போனால் அந்தக் கடைசிப் பங்கு சல்பேட் ஒருநாளும் கரையாது. டியூபுலர் பேட்டரி உயரமானது வேறு. முழுக்க ஏறிக் குமிழி வந்து அமிலம் கலங்கினால்தான் மேலும் கீழும் ஒரே அடர்த்தியாக இருக்கும். இல்லாவிட்டால் அடர்ந்த அமிலம் அடியில் தங்கி, தட்டின் கீழ்ப்பகுதி தனியாகக் கெடும். இப்படி அரைகுறையாக ஓடும் வீடுகளில் மாதம் ஒருநாளாவது இடையில் குறுக்கிடாமல் ஒரு முழு இரவு சார்ஜில் விட்டால் பெரிய வித்தியாசம் தெரியும்.

இன்வெர்ட்டர் கத்தி அணைவதை எல்லை என்று நினைத்துக்கொண்டு ஓட்டுகிறீர்களே, அங்கேதான் எனக்கு உங்கள் பேட்டரி பற்றிக் கவலை. பெரும்பாலான 12 வோல்ட் இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட்டை ஒட்டி அணையும். செல் ஒன்றுக்கு 1.75 என்று கணக்கு. லோடு எவ்வளவு என்பதைப் பொறுத்து இந்த ஒரே எண்ணுக்கு அர்த்தம் மாறிவிடும். மிக்ஸி, ஃபிரிட்ஜ் என்று ஐம்பது அறுபது ஆம்பியர் இழுக்கும்போது வோல்ட் சட்டென்று விழும். உள்ளே நிறைய மிச்சம் இருக்கும்போதே இன்வெர்ட்டர் அணைந்துவிடும். அணைந்த பிறகு மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள், 10.5 என்று காட்டியது சில நிமிஷத்திலேயே 11.8, 12 என்று ஏறி, ஓய்வில் இன்னும் மேலே போகும். இதனால் பேட்டரிக்குப் பெரிய கெடுதல் இல்லை.

அதே பேட்டரியில் ராத்திரி முழுக்க ஒரு ரவுட்டரும் ஒரு நைட் லேம்ப்பும் மட்டும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று ஆம்பியர்தான். இவ்வளவு சின்ன லோடில் வோல்ட் அவ்வளவாக விழாது. அது 10.5ஐத் தொடும்போது உள்ளே உண்மையிலேயே ஒன்றும் மிச்சமிருக்காது. அமிலம் கிட்டத்தட்டத் தண்ணியாகியிருக்கும். சின்ன லோடுதானே என்று நாம் அலட்சியமாக விட்டுவிட்டுப் படுத்த ராத்திரிதான் பேட்டரி அதிக ஆழத்துக்குப் போன ராத்திரி. ரவுட்டர், கேமரா மட்டும் ஓடுகிற வீட்டில் 11.5 வோல்ட்டுக்கு வந்ததும் கையால் அணைத்துவிடுவது நல்லது. கட்-ஆஃபை, அதாவது தானாக அணையும் வோல்ட்டை மாற்றும் வசதி இன்வெர்ட்டரில் இருந்தால் அதையே ஏற்றி வைத்துக்கொள்ளலாம்.

அணைந்த இன்வெர்ட்டரின் சுவிட்சைத் தட்டி மறுபடி போடுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஓய்வில் வோல்ட் ஏறியிருப்பதால் இன்னும் ஐந்து நிமிஷம் ஃபேன் ஓடும். திரும்பத் தட்டினால் இன்னும் இரண்டு நிமிஷம். கிடைப்பது ஏழு நிமிஷக் காற்று. ஆனால் ஆறு செல்லும் ஒரே மாதிரி வயதாவதில்லை. வெளியே மொத்தம் 10.5 என்று தெரியும்போது, உள்ளே ஐந்து செல்கள் 1.85இல் இருந்து ஒன்று மட்டும் 1.25க்கு விழுந்திருக்கலாம். இன்வெர்ட்டர் மொத்தத்தைத்தான் பார்க்கிறது, தனித்தனி செல்லை அதனால் பார்க்க முடியாது. தட்டித் தட்டி ஓட்டும்போது மற்ற ஐந்தும் சேர்ந்து அந்த நோஞ்சான் செல்லை இன்னும் கீழே தள்ளுகின்றன. ஒருகட்டத்தில் அது பூஜ்ஜியத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். ‘ஒரு செல் போயிடுச்சு’ என்ற பேச்சின் பின்னால் பல வீடுகளில் இந்தச் சுவிட்ச் விளையாட்டு இருக்கிறது.

அந்த நோஞ்சான் செல்லை நீங்களே கண்டுபிடிக்கலாம். அமிலத்தின் அடர்த்தியை, அதாவது கிராவிட்டியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் என்பது சில நூறு ரூபாய்ச் சாமான். பேட்டரி முழுக்க ஏறி, கொஞ்ச நேரம் ஓய்வில் இருந்த பிறகு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் (சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும்) மூடியைத் திறங்கள். ரப்பர் குமிழை அமுக்கி முனையை அமிலத்துக்குள் விட்டு, மெல்ல விடுங்கள். குழாய்க்குள் அமிலம் ஏறி மிதவை தூக்கும். மிதவை குழாயின் ஓரத்தில் ஒட்டாமல் தனியாக நிற்க வேண்டும். அமிலத்தின் மட்டம் மிதவையைத் தொடும் இடத்தில் எண்ணைப் படியுங்கள். டியூபுலரில் நிறைந்த செல் 1240ஐ (அதாவது 1.240) ஒட்டிக் காட்டும். பாதி என்றால் 1190 வாக்கில், காலி என்றால் 1130 வாக்கில். ஐந்து செல்கள் 1230, 1235 என்று இருந்து ஒன்று மட்டும் 1160 என்று நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டார். தண்ணி ஊற்றிய கையோடு மட்டும் அளக்காதீர்கள், அது மேலே மிதந்துகொண்டு பொய் சொல்லும்.

ஹைட்ரோமீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு, மல்டிமீட்டரில் வோல்ட்டைப் பார்ப்பது. கிராவிட்டியோடு 0.84ஐக் கூட்டினால் அந்த செல்லின் ஓய்வு வோல்ட் வரும். 1.240 என்றால் 2.08, ஆறு செல்லுக்கு 12.5. 1.190 என்றால் 12.2. 1.130 என்றால் 11.8. ஆக, சார்ஜும் இல்லாமல் லோடும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்வாக இருந்த பேட்டரி 12.2 காட்டினால் பாதி இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஃபேன் ஓடும்போது மீட்டரை வைத்துவிட்டு இந்த எண்களோடு ஒப்பிட்டால் எல்லாமே தப்பாகத் தெரியும்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. பழைய மாடல் ஃபேன் இரண்டு 150 வாட், எல்.இ.டி. விளக்கு மூன்று 30 வாட், ரவுட்டர் 10 வாட், மொத்தம் 190. இன்வெர்ட்டரிலேயே கொஞ்சம் வீணாகும் என்பதால் பேட்டரியில் இருந்து 230 வாட், அதாவது 19 ஆம்பியர் போகும். நாலு மணி நேரத்துக்கு 77 ஏ.ஹெச். 150இல் இது பாதிதானே என்று தோன்றும். ஆனால் அந்த 150 என்பது பெரும்பாலும் சி20 கணக்கு. 7.5 ஆம்பியராக இருபது மணி நேரம் எடுத்தால்தான் 150 கிடைக்கும். 19 ஆம்பியரில் எடுத்தால் புது பேட்டரியே 125, 130 அளவுக்குத்தான் தரும். ஆகவே நாலு மணி நேரத்தில் அறுபது சதவீதம் இறங்கிவிடுகிறது. சி10 (பத்து மணி நேரக் கணக்கு) என்று போட்ட 150க்கும் சி20 என்று போட்ட 150க்கும் கடையில் விலை ஏன் வேறு என்பது இப்போது புரிந்திருக்கும்.

அதே இரண்டு ஃபேனை, கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றிப் பாருங்கள். ஒன்று 30 வாட். மொத்த லோடு 100 வாட்டுக்கு வந்துவிடும், பேட்டரியில் இருந்து 10 ஆம்பியர். அதே நாலு மணி நேரத்தில் 41 ஏ.ஹெச்.தான் இறங்கும், முப்பது சதவீதம் அளவுக்கு. மச்சானின் விதியைக் கட்டிக் காப்பாற்ற யாரும் இருட்டில் வியர்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை, இந்த ஒரு மாற்றம் போதும். பேட்டரியின் ஆயுளுக்கு மருந்து, பவுடர் என்று விற்பவர்களிடம் கொடுக்கிற காசை ஃபேனில் போடுங்கள் என்பது என் கட்சி.

வெப்பம் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே பேட்டரிகளை 27 டிகிரி வெப்பத்துக்கு அளந்து மதிப்பிடுகிறார்கள். அதற்கு மேல் பத்து டிகிரி கூடினால் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. மொட்டை மாடி அறையிலும், மேற்கு வெயில் விழும் பால்கனியிலும் பேட்டரியை வைத்துவிட்டு, ஐம்பது சதவீதமா எண்பதா என்று விவாதிப்பதில் பயனில்லை. தண்ணி குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். அமிலம் ஊற்றக் கூடாது, ஆவியாகிப் போனது தண்ணிதான், அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது.

கார், பைக் பேட்டரியும் ஈய அமிலம்தான், ஆனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்டார்ட் செய்யும் சில நொடிக்கு நூற்றுக்கணக்கில் ஆம்பியர் கொடுப்பதற்காக மெல்லிய தட்டுகளாக நிறைய அடுக்கிச் செய்தது அது. சிலமுறை முழுக்க இறங்கினாலே சுருண்டுவிடும்.

அப்பா பக்கம் வருவோம். அவர் பழகியது பெரும்பாலும் நிக்கல் காட்மியம். கார்ட்லெஸ் போன், பழைய செல்போன், ஷேவர், வாக்கி டாக்கி எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் அதுதான் இருந்தது. அந்த வகை பேட்டரியை ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக மட்டும் இறக்கி ஏற்றிக்கொண்டே இருந்தால், அந்த இடத்துக்கு வந்ததும் வோல்ட் தொய்ந்து, பேட்டரி தீர்ந்துவிட்டது மாதிரி காட்டும். மெமரி எஃபெக்ட் என்று அதற்குப் பெயர். அவ்வப்போது முழுக்க இறக்கி ஏற்றினால் சரியாகிவிடும். ஆக அப்பாவின் அறிவுரை வெறும் வதந்தி இல்லை, அன்றைய பேட்டரிக்கான வைத்தியம். அந்தக் காலத்திலும் தனித்தனி செல்லை இறக்குவதுதான் பத்திரம். வரிசையாக மாட்டிய செல்களை டார்ச்சில் போட்டு முழுக்க அணையும்வரை விட்டால், நான் மேலே சொன்னபடி நோஞ்சான் செல் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். இன்றைக்கு ரிமோட்டுக்கும் கேமராவுக்கும் வாங்கும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்கும் இந்த ஆபத்து உண்டு. செல் 1 வோல்ட்டுக்கு வந்தால் போதும், எடுத்துவிடலாம். பழையதையும் புதியதையும் கலந்து போட வேண்டாம்.

நிக்கல் பேட்டரிகளே அளவாக இறக்கினால் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்கு ஹப்பிள் தொலைநோக்கி நல்ல சாட்சி. 1990இல் அதோடு மேலே போன நிக்கல் ஹைட்ரஜன் பேட்டரிகளை 2009 மே மாதம்தான் விண்வெளி வீரர்கள் மாற்றினார்கள். ஐந்தாண்டு தாங்கினால் போதும் என்று வடிவமைத்தவை அவை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியின் நிழலில் புகும்போதெல்லாம் கொஞ்சம் இறங்கி, வெளியே வந்ததும் உடனே ஏறிக்கொண்டன. தரையில், நிக்கல் பேட்டரி வைத்த பழைய டொயோட்டா பிரியஸ் காரும் அதை ஒருபோதும் முழுக்க நிரப்புவதும் இல்லை, முழுக்கக் காலி செய்வதும் இல்லை. ஏறத்தாழ 40க்கும் 80க்கும் நடுவிலேயே வைத்து ஓட்டுகிறது.

போனில் இருப்பது லித்தியம் அயன். 1991இல் சோனி முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழிவகுத்த குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இதில் மெமரி எஃபெக்ட் என்று கவலைப்பட ஒன்றும் இல்லை. நிறைந்த செல் 4.2 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல், வேலை செய்யும் கீழ் எல்லை மூன்று வோல்ட்டை ஒட்டி. போன் பூஜ்ஜியம் காட்டி அணையும்போதுகூட செல் உண்மையில் காலியாகிவிடுவதில்லை. தயாரிப்பாளர் கீழே ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறார், அதற்கும் கீழே காவல் சர்க்யூட் ஒன்று நிற்கிறது. ஆகவே எப்போதாவது பயணத்தில் போன் செத்துப்போனால் பதற வேண்டாம், சீக்கிரம் சார்ஜில் போட்டால் போதும்.

செத்துப்போன போனை அலமாரியில் ஆறு மாதம் போட்டு வைப்பதுதான் கெடுதல். தானாகக் கசிந்து செல் இரண்டு வோல்ட்டுக்கும் கீழே போனால், உள்ளே மின்வாய்க்குத் தாங்கலாக இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழிசெய்யும். காவல் சர்க்யூட் பூட்டிவிட்ட லேப்டாப் பேட்டரியையும் ஸ்கூட்டர் பேக்கையும் வேறொரு பேட்டரியில் இருந்து நேராக வயர் கொடுத்து ‘உயிர்ப்பிக்கிற’ வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. செய்யாதீர்கள். அன்று வேலை செய்யும், என்றைக்குத் தீப்பிடிக்கும் என்று சொல்ல முடியாது. உப்பிப்போன பேட்டரிக்கும் இதே பதில்தான், உடனே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

லித்தியத்துக்கு அன்றாட எதிரி மேல் எல்லைதான். 4.2 வோல்ட்டை ஒட்டி நிற்கும்போது உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகமாக நடக்கின்றன, சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். 20க்கும் 80க்கும் நடுவில் வைத்துக்கொள் என்ற விதியில் 80தான் முக்கியப் பங்கு, 20 கொசுறு. மே மாத வெயிலில் கார் டேஷ்போர்டில் ஒட்டி, மேப் ஓடிக்கொண்டிருக்க, சார்ஜர் மாட்டி நூறிலேயே நிற்கும் போனைவிடக் கஷ்டப்படும் பேட்டரி இல்லை. போனை ராத்திரி முழுக்க சார்ஜில் விடுவது அவ்வளவு பெரிய குற்றமில்லை, தலையணைக்கு அடியில் வைத்து விடுவதுதான் குற்றம். 80இல் நிறுத்தும் வசதி போனில் இருந்தால் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். பயணத்தன்று நூறு வரை ஏற்றிக்கொள்ளலாம், அதற்குத்தானே வாங்கினோம்.

சைக்கிள் (ஒரு முழு அளவுக்கு இறக்கி ஏற்றுவது) கணக்கிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. இன்று பாதி, நாளை பாதி என்று ஏற்றினால் அது இரண்டு இல்லை, ஒரே சைக்கிள்தான். ஆப்பிள் ஐபோன் 14 வரைக்கும் 500 முழு சைக்கிளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்றது, ஐபோன் 15இல் இருந்து அதை 1000 என்று ஆக்கியது, இரண்டுமே ஏற்ற சூழ்நிலையில் பயன்படுத்தினால். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் அங்கே புதிதாகச் சந்தைக்கு வரும் ஸ்மார்ட்போன்களுக்கு 800 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதம் இருக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறது. தினம் ஒரு முழு சார்ஜ் என்றால் இரண்டு வருஷத்துக்கு மேல்.

அப்பாவுக்கு ஆறுதலாக ஒன்று. சதவீத எண் தடுமாறினால், 30இல் இருந்து திடீரென்று 5க்கு விழுந்தால், ஒருமுறை முழுக்க இறக்கி முழுக்க ஏற்றுவது உதவும். அது பேட்டரிக்கான வைத்தியம் இல்லை, எண்ணைக் கணக்கிடும் சிப்புக்கானது.

மின்சார ஸ்கூட்டரில் எந்த வகை லித்தியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது எல்.எஃப்.பி. என்றால் நிறைந்த நிலையை மற்றதைவிட நன்றாகத் தாங்கும். அதன் வோல்ட் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட மாறாமல் இருப்பதால், எவ்வளவு மிச்சம் என்று வண்டிக்கே சரியாகத் தெரியாது. அதனால் அவ்வப்போது நூறு வரை ஏற்றச் சொல்வார்கள், செல்களைச் சமப்படுத்தவும் அது தேவை. வெளியூர் போய் மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் எந்த லித்தியமாக இருந்தாலும் பாதி அளவு சார்ஜில் நிறுத்தி, மாதம் ஒருமுறை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை நிறுத்துவதென்றால் நேர்மாறு: நூறு வரை ஏற்றி, வயரைக் கழற்றி, ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப ஏற்ற ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

கடைசியாக, பழையதோடு புதிது சேர்க்கும் விஷயம். வேண்டாம். பக்கவாட்டில் இணைத்தால், உள்ளுக்குள் கசியும் பழைய பேட்டரி புதியதிலிருந்து ராப்பகலாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 24 வோல்ட்டுக்கு வரிசையில் இணைத்தால், இறங்கும்போது பழையது முதலில் தரைதட்டும். ஏறும்போது அது முதலில் நிறைந்து கொதிக்க, புதியது அரைகுறையாக நின்றுவிடும். ஒரு வருஷத்துக்குள் இரண்டும் ஒரே வயதாகிவிடும்.

முதலில் ஆறு செல்லையும் அளந்து பாருங்கள். ஒரு செல் மட்டும் 50 புள்ளிக்கு மேல் பின்தங்கியிருந்தால் அந்த பேட்டரி முடிந்தது. ஆறும் கீழே, ஆனால் ஒரே அளவில் இருந்தால், தண்ணி மட்டத்தைச் சரிசெய்து இரண்டு நாள் தொடர்ந்து சார்ஜில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள், கொஞ்சம் மீள வாய்ப்பு உண்டு. ஆறும் 1230க்கு மேல் காட்டியும் பேக்கப் பாதிதான் என்றால் தட்டில் இருக்க வேண்டிய சரக்கு உதிர்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். புதிது வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பாருங்கள். அமிலம் ஊற்றிய பிறகு கடையிலேயே ஆறு மாதம் சார்ஜ் இல்லாமல் கிடந்தது என்றால், உங்கள் வீட்டுக்கு வரும் முன்பே சல்பேட் ஏறத் தொடங்கியிருக்கும். பில் போடுவதற்கு முன்னால் ஆறு செல்லின் கிராவிட்டியையும் அளந்து காட்டச் சொல்லி, அந்த எண்களை வாரண்டி அட்டையின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.